பழைய மேனேஜரின் வேலைமுறையை உங்கள் ஃப்ளோருக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நல்ல மேனேஜர் ஒருவர் ஓய்வு பெற்றுப் போனதும், அவர் நாற்காலியில் உட்காருகிறவர் காதில் முதல் வாரமே ஒரு பேச்சு விழும்: "பழைய சார் இருந்தா இப்படி ஆகுமா?" மதுரையில் கப்பலூர் தொழிற்பேட்டையிலோ புதூர் சிட்கோவிலோ நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த யூனிட்டிலும் இதைக் கேட்கலாம். கேட்டவர் வழக்கமாக இரண்டில் ஒரு தப்பைச் செய்வார். பழையவர் மாதிரியே பேசிப் பார்ப்பார், அல்லது பழையவர் வைத்ததையெல்லாம் மாற்றிக் காட்டுவார். இரண்டும் மூன்று மாதத்தில் சறுக்கிவிடும்.

காரணம் ஒன்றுதான். ஒரு மேனேஜரிடம் கற்றது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அவர் சொன்ன வாக்கியங்களை. வேலையை ஓட்டியதோ அவர் தினமும் செய்த சின்னச் சின்னக் காரியங்கள். அவற்றைக் கண்டுபிடித்து, காரணத்தோடு எழுதி, ஒவ்வொன்றாக நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கான வழி இது. ரப்பரை அச்சில் (மோல்டில்) வைத்து உதிரிபாகம் செய்யும் ஒரு மோல்டிங் ஃப்ளோரை, ஷிப்டுக்கு 12 பேர் என்ற கணக்கில், உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். நூல் மில்லானாலும் ஜவுளிக்கடையானாலும் எண்களை மாற்றிக்கொண்டால் போதும்.

படி 1: நோட்டுப் போடுங்கள்

80 பக்க நோட்டு ஒன்று. பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: நடந்தது என்ன, அவர் செய்தது என்ன, ஏன் செய்திருப்பார். மூன்றாவது கட்டத்தைப் பென்சிலில் எழுதுங்கள், அது மாறும். இருபது சம்பவம் சேரும்வரை எழுதுங்கள். ஒரே நாளில் எழுதி முடிக்க உட்கார்ந்தால் பெரிய சம்பவங்கள் மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆர்டர் தப்பிப்போனது, ஸ்ட்ரைக் வரப் பார்த்தது, ஆடிட்டில் மாட்டியது என்று. உங்களுக்கு வேண்டியது சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் அவர் என்ன செய்தார் என்பது. அதனால் நாளைக்கு இரண்டு என்று பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

"தொழிலாளிகளை மதிப்பார்" என்றெல்லாம் எழுதினால் அந்தப் பக்கம் வீண். "மெமோ கொடுக்கும் முன்னால் அந்த ஆளின் லீவுச் சீட்டை எடுத்துப் பார்ப்பார்" என்று எழுதினால் அது வேலைக்கு ஆகும். பண்பை எழுதாதீர்கள், கை செய்ததை எழுதுங்கள்.

படி 2: அவரைப் பிடித்தவரிடமும் கேளுங்கள், பிடிக்காதவரிடமும் கேளுங்கள்

நீங்கள் பார்த்தது உங்கள் மேசையிலிருந்து தெரிந்த மேனேஜரை. வாட்ச்மேன் பார்த்தது வேறு ஆள், ஸ்டோர் அக்கா பார்த்தது வேறு ஆள். குறைந்தது நான்கு பேரிடம் பேசுங்கள். அதில் ஒருவர் அவரிடம் திட்டு வாங்கி மனம் கசந்தவராக இருக்கட்டும். பாராட்டுகிறவர் பொதுவாகப் பேசுவார். கசந்தவர்தான் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் வைத்திருப்பார்.

கேள்வி நேராக இருக்கட்டும். "சார் எப்படிண்ணே?" என்று கேட்டால் "தங்கமான மனுசன்" என்று முடிந்துவிடும். "சார் கோபப்பட்டா முதல்ல என்ன செய்வாரு?", "எந்தத் தப்புக்கு அவர் விட்டதே இல்ல?", "எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருவாரு?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் தங்கம். ஒரு மேனேஜர் எதைக் கண்டுகொள்ளாமல் விட்டார் என்பது எந்த ஃபைலிலும் இருக்காது.

பிறகு அவரையே போய்ப் பாருங்கள். ஓய்வு பெற்றவருக்குக் காலை பத்து பதினோரு மணி தோதான நேரம். "தலைமைப் பண்புன்னா என்ன சார்?" என்று ஆரம்பிக்காதீர்கள். மேடைப்பேச்சு வந்துவிடும். நோட்டில் விடை தெரியாத மூன்று சம்பவத்தை மட்டும் எடுத்துப் போங்கள். "அன்னிக்கு மேஸ்திரிக்கும் ஃபிட்டருக்கும் சண்டை வந்தப்ப, ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப் பேசாம தனித்தனியா கூப்பிட்டீங்களே, ஏன் சார்?" இப்படிக் கேட்டால் பென்சிலில் எழுதியதில் பாதியை அழிக்க வேண்டிவரும். அதற்குத்தான் பென்சில்.

படி 3: சலிக்க வேண்டியது

இருபதில் எட்டு ஒன்பதுதான் உங்களுக்கு ஒட்டும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு கேள்வி: இது பலித்தது முறையாலா, அவர் ஆள் அப்படி என்பதாலா?

சத்தம் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பழையவர் ஃப்ளோர் நடுவில் நின்று கத்துவார், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால் இருபது வருடம் அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் போய் நின்றவர். அந்தக் கணக்கில் அவருக்கு இருப்பு இருந்தது, கத்தும்போது அதிலிருந்து எடுத்தார். உங்கள் கணக்கு இப்போதுதான் திறந்திருக்கிறது. அதே கத்தலை நீங்கள் கத்தினால் மறுநாள் இரண்டு பேர் வரமாட்டார்கள்.

தள்ள வேண்டியவையும் இருக்கும். எல்லாச் சாவியும் அவர் இடுப்பிலேயே இருந்திருக்கலாம், கேட் பாஸில் அவர் கையெழுத்து மட்டுமே செல்லும் என்று வைத்திருக்கலாம். அது அவர் பொறுப்புணர்வு என்று ஊரே சொல்லும். உண்மையில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் லாரி நிற்கும். இதை எடுக்காதீர்கள்.

படி 4: காலைச் சுற்று

முதலில் கொண்டுவர வேண்டியது இதுதான். செலவு கிடையாது, அறிவிப்பு தேவையில்லை.

ஷிப்ட் தொடங்க 20 நிமிடம் முன்னால் வந்துவிடுங்கள். பையைக் கேபினில் வைத்ததும் உட்காராமல் கிளம்புங்கள். போனை அங்கேயே விட்டுவிடுங்கள். கையில் பாக்கெட் நோட்டு, பேனா.

சுற்றை மெஷினிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். குடிதண்ணீர், கழிவறை, பிறகு கழித்த பீஸ் கிடக்கும் ரிஜெக்ட் டிரே, கடைசியாக ரப்பரைச் சூட்டில் அழுத்தி வேகவைக்கும் பிரஸ். சித்திரை வெயிலில் 160 டிகிரி பிரஸ் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்குத் தண்ணீர் கேன் காலியாக இருப்பது உற்பத்திக் கணக்கைவிடப் பெரிய விஷயம். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் இல்லாதது பத்து மணி டீக்குள் "மேனேஜ்மெண்டே இப்படித்தான்" என்று மாறியிருக்கும். ரிஜெக்ட் டிரேயில் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஐந்தாறு பீஸைக் கையில் எடுங்கள். வேகாத பீஸ் அமுக்கினால் பிசுபிசுப்பாகக் குழியும், காற்று மாட்டியது உள்ளே பொத்தலாக இருக்கும், நிரம்பாதது ஓரத்தில் மழுங்கியிருக்கும். ஒரே டிரேயில் ஒரே வகைக் கோளாறு குவிந்திருந்தால் ஆளைத் தேடாதீர்கள், ஹீட்டரையோ மோல்டையோ தேடுங்கள்.

சுற்றில் தினம் மூன்று பேரிடம் வேலை அல்லாத ஒரு வார்த்தை. பன்னிரண்டு பேர் என்றால் நான்கு நாளில் ஒரு சுற்று வந்துவிடும். யாரிடம் பேசினோம் என்பதை நோட்டில் புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் நன்றாகப் பேசுகிற அதே நான்கு பேரிடமே போய் நிற்பீர்கள், "சாரோட ஆளுக" என்று ஒரு கூட்டம் உருவாகும்.

இதில் எல்லாரும் செய்யும் தப்பு: கண்ணில் பட்டதை அங்கேயே ஆபரேட்டரிடம் சொல்லித் திருத்துவது. சூப்பர்வைசர் பத்தடி தள்ளி நிற்பார், அவர் தலைக்கு மேல் உத்தரவு போனது எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவர் பேச்சு எடுபடாது, எல்லாப் பிரச்சினையும் உங்கள் கேபினுக்கே வரும். ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் உடனே நிறுத்துங்கள். மற்றதை எழுதிவைத்துச் சுற்று முடிந்ததும் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

படி 5: ஷிப்ட் கைமாற்று

காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஆள் மாறும்போதுதான் தகவல் தொலைகிறது. "ஓடுது, பார்த்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கைமாற்றுக்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள், ஆனால் போகிறவரின் ஷிப்ட் நேரத்துக்கு உள்ளேயே, அதாவது இரவு மாற்றம் என்றால் 9:50 முதல் 10:00 வரை. பத்துக்கு மேல் பிடித்துவைத்தால் உசிலம்பட்டிப் பக்கம் போகிறவருக்குப் பஸ் போய்விடும், அப்புறம் அவர் எழுதுவது ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும்.

வருகிறவர் அந்தப் பத்து நிமிடம் முன்னால் வர வேண்டும். அதைச் சம்பள நேரமாகக் கணக்கு வைக்க முதலாளியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இலவசமாகக் கேட்டால் ஒரு மாதம் வருவார்கள், பிறகு வரமாட்டார்கள்.

குறிப்பில் ஐந்து விஷயம்: எந்த மெஷின், என்ன நிலை, என்ன மாற்றினோம், யாரிடம் சொன்னோம், அடுத்தவர் செய்ய வேண்டியது என்ன. ஒரு மாதிரி:

"4ஆம் பிரஸ், ஓடுகிறது. 7:40க்கு மோல்டு மாற்றினோம். 160 வைத்தால் தட்டின் இடது மூலை 152தான் காட்டுகிறது. ஹீட்டர் சந்தேகம். 8:15க்கு மெயின்டனன்ஸில் சொல்லியாச்சு, ஆள் வரவில்லை. 340 பீஸில் 22 ரிஜெக்ட், பெரும்பாலும் இடது வரிசை, வேகாதது. நைட் ஷிப்ட்: இடது வரிசையைத் தனி டிரேயில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கவும். ஹீட்டர் ஆளுக்கு மறுபடி போன் செய்யவும்."

கடைசி வரி இல்லாத குறிப்பு புலம்பல். அது இருந்தால்தான் கைமாற்று. முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு குறிப்பைப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வியைச் சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். படிக்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் எழுதுவார்கள்.

படி 6: உத்தரவு போய்ச் சேர்ந்ததா?

"சரிங்க சார்" என்பது நம்மூரில் மரியாதைச் சொல். புரிந்தது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் அதே "சரிங்க சார்"தான் வரும், புரியாதவர் அதை இன்னும் வேகமாகச் சொல்வார். "எதுல இருந்து ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். அதற்குச் சரிங்க என்று பதில் சொல்ல முடியாது. பதிலில் குழப்பம் தெரிந்தால் "நான் சரியாச் சொல்லல போல" என்று மறுபடி சொல்லுங்கள். வயதில் மூத்த மேஸ்திரியிடம் இந்த ஒரு வாக்கியம் நிறையக் காரியம் செய்யும்.

படி 7: கண்டிப்பது

நேரம், இடம், வார்த்தை, முடிவு நான்கும் முன்கூட்டி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்து என்றால் உடனே மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குக் குறைந்தது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், ஆனால் அந்த ஷிப்ட் தாண்டக் கூடாது. கண்ணாடிக் கேபின் வேண்டாம், வெளியிலிருந்து எல்லாரும் வாயசைவு பார்ப்பார்கள். டீக்கடை கூடவே கூடாது. ஸ்டோர் மூலை தோது. பெண் தொழிலாளி என்றால் கதவு திறந்திருக்கட்டும், மூத்த பெண் ஒருவர் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லி "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். பத்தாவது எண்ணில் நீங்களே பேச ஆரம்பித்தால் காரணம் வெளியே வராது. பழைய தப்பை இழுக்காதீர்கள்.

எந்த நிலையிலும் ஊரை, சாதியை, குடும்பத்தைத் தொடாதீர்கள். "உங்க ஊர்க்காரய்ங்களே இப்படித்தான்" என்று விளையாட்டாகச் சொன்னதுகூட மதியத்துக்குள் பத்துப் பேர் பிரச்சினையாகிவிடும். இந்த வட்டாரத்தில் வேலை செய்கிற மேனேஜருக்கு இதைவிடக் கண்டிப்பான விதி எதுவும் கிடையாது.

அடுத்து என்ன செய்ய வேண்டும், எப்போது பார்ப்பேன் என்று சொல்லி முடியுங்கள். ஷிப்ட் முடிந்து அவர் கிளம்பும்போது சாதாரணமாக ஒரு வார்த்தை: "கிளம்பியாச்சா? பஸ் இருக்கா?" பழைய மேனேஜர்களிடம் அதிகம் பார்க்கக்கூடியதும், புதியவர்கள் முதலில் விட்டுவிடுவதும் இதுதான்.

படி 8: லீவுப் பலகை

மதுரையில் ஒரு மேனேஜர் எப்படிப்பட்டவர் என்பது சித்திரையில் தெரிந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை. ஆனால் கூட்டம் முதல்நாள், ஊர் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையிலேயே ஆரம்பித்து, அழகர் மலைக்குத் திரும்பும்வரை நீளும். தைப் பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. மகாசிவராத்திரிக்கு உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்து ஆட்கள் குலசாமி கும்பிடப் போய்விடுவார்கள். இவற்றுக்கு லீவு தர மாட்டேன் என்று சொல்கிற மேனேஜருக்கு லீவுச் சீட்டு வராது, ஆள் மட்டும் வரமாட்டார். போன் சுவிட்ச் ஆஃப்.

செய்ய வேண்டியது: தை மாதமே ஒரு வெள்ளைப் பலகையில் வருடத்தின் பெரிய நாட்களை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். ரம்ஜான், கிறிஸ்துமஸ், ஈஸ்டரும் அதில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் தனக்கு விடவே முடியாத இரண்டு நாளுக்கு நேரே பெயர் எழுதட்டும், இரண்டுக்கு மேல் கூடாது. 12 பேர் ஷிப்டில் 9 பேர் இருந்தால் ஓடும் என்றால் ஒரு நாளுக்கு மூன்று பெயர்தான். அழகருக்கு எட்டுப் பெயர் வரும். போன வருடம் போனவர் இந்த வருடம் பின்னால் என்று வரிசை வையுங்கள். அன்று வேலைக்கு வருகிறவர்களுக்கு ரம்ஜானுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ முதல் உரிமை. பட்டியல் பலகையில் இருக்க வேண்டும், உங்கள் டிராயரில் இருந்தால் சந்தேகம்தான் வளரும்.

அப்படியும் மூன்று பேரில் அடங்காது. அப்போது லீவைக் குறைக்காமல் வேலையை நகர்த்துங்கள். அழகர் இறங்கும் நாளும் அதை ஒட்டிய நாளுமாக இரண்டு நாளைக்கான சரக்கை முந்தைய பத்து நாளில் கூட்டி ஓட்டிவைக்க வேண்டும். ஒரு நாளுக்கு 1,000 பீஸ் போனால், தினம் 200 கூடுதலாக ஓட்டினால் பத்து நாளில் 2,000 கையிருப்பு. மிகைநேரம் வைத்தால் இருமடங்கு கூலி என்பதை முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். மோல்டு கழுவுவது, ஹீட்டர் சோதனை போன்ற நிறுத்த வேலைகளை அந்த இரண்டு நாளில் வையுங்கள், நான்கு பேர் போதும்.

படி 9: அட்வான்ஸ்

பழையவர் சொந்தப் பையிலிருந்து கொடுத்திருப்பார். அதைக் காப்பியடிக்காதீர்கள். கொடுத்த மறுநாளிலிருந்து அவருக்கு நீங்கள் மேனேஜர் இல்லை, கடன் கொடுத்தவர். தப்பைச் சொன்னால் "ரெண்டாயிரத்துக்குப் பேச்சைப் பாரு" என்பார்கள்.

அவர் செய்ததன் காரணத்தை மட்டும் எடுங்கள்: கேட்டவருக்கு அன்றே பதில் தெரிந்தது. அதை ஆபீஸ் வழியாகவே செய்யலாம். உச்சவரம்பு கைக்கு வரும் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று மாதத்தில் பிடித்தம், பழையது முடியாமல் புதியது இல்லை, நோட்டில் கையெழுத்து. 13,500 ரூபாய் வாங்குகிறவருக்கு 4,500, மாதம் 1,500 பிடித்தம். மதியத்துக்குள் கேட்டால் மாலைக்குள் ஆம் அல்லது இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போதும், ஆவணி முகூர்த்தங்களில் மொய்க்கும் கேட்பு குவியும். அந்த மாதங்களுக்கு முதலாளியிடம் முன்பே தொகை ஒதுக்கி வாங்கி வையுங்கள். மொய்க்குக் கேட்பவரிடம் "இது அவசியமா?" என்று கேட்காதீர்கள். அது திரும்ப வேண்டிய கடன், அவருக்கு மானப் பிரச்சினை.

படி 10: கைதேர்ந்தவரின் கையை விடுவியுங்கள்

மதுரையிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் தேவைப்படாத வேலைகளைச் செய்வது, பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். மருத்துவரின் கை கண்ணைத் தவிர வேறு எதற்கும் காத்திருப்பதில்லை.

உங்கள் ஃப்ளோரில் அப்படிப்பட்ட கை யாருடையது? அச்சைப் பொருத்திச் சரிசெய்கிற டை ஃபிட்டராக இருக்கலாம். ஒரு ஷிப்ட் முழுக்க 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 32 வரி வரும். எதற்கென்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வேவு பார்க்கிறீர்கள் என்றாகிவிடும். ஸ்டோரில் போல்ட்டுக்கு நின்றது, கையெழுத்துக்கு அலைந்தது, டிராலி தேடி அங்குட்டும் இங்குட்டும் போனது எல்லாவற்றையும் அடியுங்கள். அடித்த வேலைகளை ஒரு ஹெல்ப்பரிடம் கொடுங்கள். அந்த ஹெல்ப்பர் வேலை கற்கக்கூடிய ஆளாக இருக்கட்டும். இரண்டு வருடத்தில் உங்களுக்கு இரண்டு ஃபிட்டர்.

எந்த வரிசையில், எவ்வளவு நாளில்

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் ஆரம்பித்தால் "புது சார் கோர்ஸ் முடிச்சுட்டு வந்துருக்காரு" என்பார்கள். முதல் மூன்று வாரம் காலைச் சுற்று மட்டும். நான்காவது வாரத்திலிருந்து கைமாற்றுக் குறிப்பு. இரண்டாம் மாதம் அட்வான்ஸ் விதி, லீவுப் பலகை. ஃபிட்டர் விஷயத்தை மூன்றாம் மாதத்துக்கு முன்னால் தொடாதீர்கள். கண்டிப்பதும் உத்தரவு சொல்வதும் முதல் நாளிலிருந்தே உங்களோடு இருக்கும்.

இடையில் அந்தப் பேச்சு வரும்: "பழைய சார் இருந்தா..." அதற்குக் கோபப்படவும் வேண்டாம், அவரைக் குறைத்துப் பேசவும் வேண்டாம். "அவர் இருந்தா என்ன செஞ்சிருப்பாருண்ணே?" என்று நிஜமாகவே கேளுங்கள். பாதிப் பேரிடம் பதில் இருக்காது, பேச்சு அதோடு நிற்கும். மீதிப் பேர் சொல்வது நோட்டின் இருபத்தோராவது சம்பவம்.

தொண்ணூறாவது நாள் வாக்கில் இரண்டு நாள் லீவு எடுத்துப் போனை வீட்டில் வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ஆட்களிடம் விசாரிக்க வேண்டாம். கைமாற்று நோட்டை எடுத்து அந்த ஆறு ஷிப்டையும் படியுங்கள். "சார் வந்ததும் கேட்கணும்" என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறதோ, அத்தனை சாவி இன்னும் உங்கள் இடுப்பில் இருக்கிறது.